மூன்று ஊர், ஒரே குருவி

கானாவின் அக்ராவுக்கு ஜெனரேட்டர் சர்வீஸ் வேலைக்குப் போன முதல் வாரம், ஷெட்டை ஒட்டிய தென்னையில் ஓலையெல்லாம் போய் ஈர்க்கு மட்டும் நிற்பதைப் பார்த்து, ஏதோ வண்டு விழுந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன். குருவி செய்த வேலை அது. மஞ்சள் உடம்பு, கறுப்புத் தலை, பிடரியில் செங்கல் நிறம், சிவந்த கண். ஓலையின் ஓரத்தில் அலகால் ஒரு கடி கடித்து, அதைக் கவ்விக்கொண்டே பறந்தால் நீள நாராகக் கிழிந்து கூடவே வந்துவிடும். மெஷினை நிறுத்திய மறுநொடி இவற்றின் இரைச்சல்தான் காதை நிறைக்கும்.

நம்மூர் தூக்கணாங்குருவிக்குப் பங்காளிதான், இரண்டும் பிளோசியஸ் பேரினம். ஆனால் இதன் கூடு உருண்டை. வாசல் அடியில் இருக்கும், நம்முடையதைப் போல நீளக் குழாய் தொங்காது.

அடுத்து கென்யாவின் மொம்பாசாவுக்கு மாற்றினார்கள். அங்கே இருந்ததற்குத் தலை முழுக்கக் கறுப்பு, பிடரியில் செம்மையே இல்லை. வேறு இனம் என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். அப்புறம் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரம். அங்கே உச்சந்தலை மஞ்சள், கறுப்பு முகத்திலும் தொண்டையிலும் மட்டும். சரி, இது மூன்றாவது என்று எழுதினேன். கூட வேலை பார்த்த மெக்கானிக் ஒருவர் பல வருடமாகப் பறவை பார்க்கிறவர், மூன்றும் ஒரே இனம், பிளோசியஸ் குகுலாட்டஸ், வட்டாரம் மாறினால் ஆணின் தலை நிறம் மாறும், அவ்வளவுதான் என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

அதனால் சாப்பாட்டு நேரத்தில் கூட்டையே பார்க்க ஆரம்பித்தேன். முதலில் ஒரு வளையம். ஆண் அந்த வளையத்துக்குள்ளேயே நின்றுகொண்டு, எட்டுகிற தூரம்வரை முன்னால் பின்னிப் பின்னி அறையை உருட்டுகிறது. முடிந்ததும் வாசலில் தலைகீழாகத் தொங்கி, சிறகின் அடிப்பக்க மஞ்சள் தெரியப் படபடவென்று அடித்துப் பெட்டையைக் கூப்பிடுகிறது. அக்ராவிலும் மொம்பாசாவிலும் நான் பார்த்த அதே தொங்கல், அதே படபடப்பு. நார் காய்ந்து பழுப்பாகியும் பெட்டை வரவில்லையென்றால் தானே பிரித்துப் போட்டுவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கிறது.

ஒருநாள் காற்றில் இரண்டு கூடுகள் விழுந்தன. ஒன்றில் வெள்ளை முட்டை, இன்னொன்றில் நீலத்தில் பழுப்புப் புள்ளி. ஒரே மரம்! இரண்டும் இதே குருவியின் முட்டைதான், பெட்டைக்குப் பெட்டை நிறம் மாறும். டீடெரிக் குயில் என்று ஆப்பிரிக்காவில் ஒரு குயில், தன் முட்டையை இதன் கூட்டில் இட்டுவிடும். ஒவ்வொரு பெட்டைக்கும் ஆயுசு முழுக்க ஒரே மாதிரி முட்டை என்பதால் அந்நிய முட்டையைக் கண்டுபிடித்துத் தள்ளிவிட முடிகிறது. அந்தக் குயிலே இல்லாத மொரிஷியஸில், தென்னாப்பிரிக்காவிலிருந்து கொண்டுபோய் விடப்பட்ட இதே குருவியின் முட்டைகளில், கூட்டுக்குக் கூடு இருந்த வித்தியாசம் குறைந்து, ஒரே கூட்டுக்குள் இருந்த ஒற்றுமையும் தளர்ந்திருப்பதை டேவிட் லாஹ்டி என்ற ஆய்வாளர் 2005இல் எழுதியிருக்கிறார். தலையைப் பார்த்து எழுதிய நான் முட்டையைப் பார்த்திருந்தால் ஒரே மரத்தில் எத்தனை இனம் எழுதியிருப்பேனோ.

நோட்டில் மூன்று பக்கத்தையும் சேர்த்து ஒரே தலைப்பு போட்டுவிட்டேன். லாகோஸ், கம்பாலா பக்கம் வேலையில் இருக்கிறவர்கள் ஆண் குருவியின் பிடரி என்ன நிறம் என்று பார்த்துச் சொன்னால் அதையும் சேர்த்துக்கொள்வேன்.