மழைக்காலத்து ஐஜிஇ ரிப்போர்ட்டுகள்

சென்னையில் அடைமழை விட்ட கையோடு எங்கள் லேபில் அலர்ஜி சாம்பிள்கள் கூடிவிடும். சுவரில் ஓதம் ஏறி, பீரோவுக்குப் பின்னால் பூசணம் பூத்து, வீட்டில் யாராவது ராத்திரியெல்லாம் இருமிக்கொண்டிருப்பார்கள். டாக்டர் சீட்டில் 'மோல்டு பேனல்' என்று எழுதி அனுப்புவார்; எந்தப் பூஞ்சைக்கு அலர்ஜி என்று ரத்தத்தில் பார்க்கும் சோதனை அது. வருபவர்கள் முதலில் கேட்பது, "வெறும் வயித்துல வரணுமா?" வேண்டியதில்லை. அடுத்தது, "அலர்ஜி மாத்திரையை நிறுத்தணுமா?" அதுவும் வேண்டாம். தோலில் துளி வைத்துக் குத்திப் பார்க்கும் சோதனைக்குத்தான் செட்டிரிசின் போன்ற மாத்திரைகளைச் சில நாள் முன்பே நிறுத்த வேண்டும். ரத்தத்தில் இருக்கும் ஐஜிஇ, அதாவது அலர்ஜியில் உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடி, அதன் அளவை அவை மாற்றாது. உடம்பெல்லாம் கரப்பான் உள்ள பிள்ளைகளுக்குத் தோலில் குத்த இடமே இருக்காது. அவர்களுக்கும் ரத்தச் சோதனைதான் வசதி.

சோதனையின் வேலை எளிமையானதுதான். சின்ன மூடி போன்ற கேப் ஒன்றுக்குள் பஞ்சு மாதிரியான பொருளில் பூஞ்சையின் புரதங்களை ஒட்டவைத்திருப்பார்கள். அதில் நோயாளியின் சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீரை விட்டால், அந்தப் பூஞ்சைக்கென்று உண்டான ஐஜிஇ மட்டும் போய்ப் பிடித்துக்கொள்ளும். மிச்சத்தைக் கழுவிவிட்டு, என்சைம் சேர்த்த இன்னொரு ஆன்டிபாடியை விட்டு, வரும் ஒளிர்வை மெஷின் அளக்கும். முன்பு இதையே கதிரியக்கப் பொருள் வைத்துச் செய்தார்கள்.

சிக்கல் எண் வந்த பிறகுதான் தொடங்குகிறது. வழக்கமாக 0.35க்கு மேல் போனால் பாசிட்டிவ். 0 முதல் 6 வரை கிளாஸ் போட்டுக் கொடுப்போம். ஜனங்கள் அதைப் பரீட்சை மார்க் போலப் படிக்கிறார்கள். கிளாஸ் 4 என்றால் நோய் முற்றிவிட்டது, 1 என்றால் லேசானது என்று அவர்களாகவே முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மையில் அந்த எண் சொல்வது, உடம்பு அந்தப் பூஞ்சையை அடையாளம் வைத்திருக்கிறது என்பதை மட்டும்தான். ஆல்டர்னேரியா என்ற பூஞ்சைக்கு நல்ல உயரத்தில் எண் வந்தும் தும்மல்கூட இல்லாதவர்கள் உண்டு. குறைந்த எண்ணோடு இழுப்பில் தவிப்பவர்களும் உண்டு. எந்த மாதத்தில், எந்த அறைக்குள் போனால் மூச்சு முட்டுகிறது என்பது ரிப்போர்ட்டில் வராது. அதை நோயாளிதான் சொல்ல வேண்டும்.

கவுன்டரில் வரும் கேள்விகள் தனி ரகம். "பெனிசிலியம் பாசிட்டிவ்னு போட்டிருக்கே, பென்சிலின் ஊசி போடக் கூடாதா?" அது வேறு, இது வேறு. இந்தப் பூஞ்சைக்கு அலர்ஜி என்பதால் மட்டும் அந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று ஆகிவிடாது. ஒரு அம்மா, மாவு புளிப்பதும் பூஞ்சையால்தானே என்று வீட்டில் இட்லியையே நிறுத்திவிட்டார். இட்லி மாவைப் புளிக்க வைப்பதில் பெரும்பங்கு பாக்டீரியாவுடையது. அவர் ரிப்போர்ட்டில் இருந்ததோ காற்றில் மூக்குக்குள் போகும் பூஞ்சை வித்துகளின் விவகாரம். டாக்டரிடம் பேசிய பிறகுதான் அந்த வீட்டில் இட்லி திரும்ப வந்தது.

ஐம்பது அறுபது பொருள்களை ஒரே மூச்சில் பார்க்கும் பெரிய பேனல்கள் மேல் எனக்கு மதிப்பில்லை. லேபில் வேலை பார்க்கிறவன் இப்படிச் சொல்லக் கூடாதுதான். மொத்த ஐஜிஇ (எல்லாவற்றுக்கும் சேர்த்து ரத்தத்தில் உள்ள அளவு) ஏறியிருக்கும் ஆளுக்கு வரிசையாகப் பத்துப் பதினைந்து லேசான பாசிட்டிவ் வரும். அவரும் பயந்து ஒவ்வொன்றாக விலக்கத் தொடங்குவார். பூஞ்சைக்கு நான்கு போதும்: அஸ்பர்ஜிலஸ், ஆல்டர்னேரியா, கிளாடோஸ்போரியம், பெனிசிலியம். நான்கையும் ஒரே கேப்பில் கலந்து பார்க்கும் சோதனைகூட உண்டு. அது நெகட்டிவ் என்றால் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடலாம். பாசிட்டிவ் என்றால்தான் தனித்தனியாகப் போக வேண்டும். அலர்ஜிக்கென்று ஐஜிஜி என்ற வேறு வகை ஆன்டிபாடிக்குப் பேனல் விற்கிறவர்களையும் பார்க்கிறேன். ஐஜிஜி இருந்தால் உடம்பு அந்தப் பூஞ்சையைச் சந்தித்திருக்கிறது என்று அர்த்தம். அதை வைத்து அலர்ஜி என்று சொல்ல முடியாது. டிபி வந்து குணமான நுரையீரலின் குழிவில் அஸ்பர்ஜிலஸ் குடியேறியிருக்கிறதா என்று தேடும்போது அதே ஐஜிஜிதான் முக்கியமான சோதனை.

இந்த வேலையில் நான் உண்மையிலேயே கவனம் வைப்பது அஸ்பர்ஜிலஸ் மேல்தான். பல வருட ஆஸ்துமா, பழுப்பு நிறத்தில் கட்டி கட்டியாகச் சளி, எக்ஸ்ரேயில் நிழல். சளியில் கிருமி தெரியாவிட்டாலும், நம் ஊரில் நிழல் என்றால் முதலில் டிபி மருந்துதான் தொடங்கும். ஆறு மாதம் சாப்பிட்டும் இருமல் நிற்காமல் வருகிறவர்களின் சீரத்தை ஓட்டினால், சிலருக்கு மொத்த ஐஜிஇ மெஷினின் உச்சத்தைத் தாண்டும். நீர்க்கச் செய்து மறுபடி ஓட்ட வேண்டியிருக்கும். கூடவே அஸ்பர்ஜிலஸும் பாசிட்டிவ். நுரையீரலில் அஸ்பர்ஜிலஸுக்கு எதிராகக் கிளம்பும் இந்த அலர்ஜி நோயைச் சுருக்கமாக ஏபிபிஏ என்கிறோம். 1952இல் இங்கிலாந்தில் விவரிக்கப்பட்ட நோய் இது. மொத்த ஐஜிஇ 1000 தாண்ட வேண்டும் என்றிருந்த வரம்பை 2024இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் 500 ஆக்கியது. அதில் சண்டிகர் பிஜிஐ மருத்துவர்களின் பங்கு பெரியது.

சிகிச்சை தொடங்கிய பிறகு ஐஜிஇ சோதனைகளில் பார்க்க வேண்டியது மொத்த ஐஜிஇ மட்டும்தான். அஸ்பர்ஜிலஸ் ஐஜிஇயைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது வீண் செலவு. மொத்த ஐஜிஇயும் முழுசாக நார்மலுக்கு வராது. பலருக்குக் குறைந்து ஒரு இடத்தில் நின்றுவிடும். அந்த இடம்தான் அவருடைய அளவு. அதிலிருந்து மறுபடி ஏறி, இருமலும் எக்ஸ்ரே நிழலும் திரும்பினால் நோய் கிளம்பியிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். இது புரியாமல் ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தைப் பார்த்துக் கலங்குகிற குடும்பங்கள் நிறைய.

சீட்டில் வெறுமனே 'மோல்டு' என்று வந்தால் நான் கிளினிக்குக்கு போன் போட்டுவிடுகிறேன். ஆஸ்துமா உண்டா, டிபி மருந்து சாப்பிட்டாரா, ஸ்டீராய்டு போகிறதா? சில டாக்டர்களுக்கு எரிச்சல் வருகிறது. சிலர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "சரிப்பா, டோட்டல் ஐஜிஇயும் சேத்துப் போட்டுடு" என்கிறார்கள்.