கட்டத்தில் அடங்காத பயன்கள்

“பிள்ளைங்க மறுபடியும் ஆத்தங்கரையில விளையாடுதுங்க தம்பி, அத எங்க எழுதுவீங்க?” என்று மலேசியாவின் புக்கிட் ரோத்தானில் பால்மரம் வெட்டி ஓய்ந்த பாட்டி ஒருவர் இன்று மாலை என்னைக் கேட்டார்.

கரையோர மறுநடவுக்காக நான் நிரப்பிக்கொண்டிருந்த படிவத்தில், நட்ட கன்றுகள், பிழைத்தவை, செலவான ரிங்கிட் ஆகியவற்றுக்கு மட்டுமே கட்டங்கள் இருந்தன. அவர் சொன்னதை ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டேன்.

கன்றுகளை எண்ணத்தான் வேண்டும். ஆனால் சிலாங்கூர் ஆற்றின் மின்மினிகள் பெரெம்பாங் எனும் ஆற்றோர மரங்களில் கூடி ஒளிர்ந்தாலும், அவற்றின் புழுக்கள் கரையின் ஈரமண்ணில் நத்தைகளைத் தின்றே வளர்கின்றன என்பதால், மரக்கணக்கு மின்மினியின் வாழ்வைக்கூட முழுதாகச் சொல்லாது. மனிதரின் நிம்மதியை எப்படிச் சொல்லும்?

இயற்கையின் மதிப்பை அளக்க ஐம்பதுக்கும் மேற்பட்ட முறைகள் உள்ளதாக பல்லுயிர் பற்றிய அறிவியலைத் தொகுத்து அரசுகளுக்குத் தரும் பன்னாட்டு அமைப்பான ஐபிபெஸின் (IPBES) 2022 அறிக்கை கூறுகிறது. அது ஆராய்ந்த மதிப்பீட்டு ஆய்வுகளில் 2 விழுக்காடு மட்டுமே, கண்டறிந்ததைச் சம்பந்தப்பட்ட மக்களிடம் காட்டிக் கருத்துக் கேட்டிருந்தன. எனக்கு மிகவும் வலித்த எண் அதுதான்.

நடவுக்கு முன்பே ஆற்றுக்கு யார் வருகிறார்கள், எதற்காக வருகிறார்கள், எந்த மூலிகையைப் பறிக்கிறார்கள், எந்த இடத்தை அஞ்சி ஒதுக்குகிறார்கள் என்று பெண்களிடமும் முதியவர்களிடமும் தனித்தனியே கேட்டுப் பதிந்து, பின்னர் அதே பருவத்தில் மறுபடியும் கேட்டு, மறுநடவு காணாத இன்னொரு கரையோடு ஒப்பிட்டால், மாற்றம் தெளிவாகத் தெரியும்.

எதிர்க்கரையில் நடவு இன்னும் தொடங்கவில்லை. அங்குள்ள லயத்து மக்களிடம் கேட்க வேண்டிய கேள்விகளை, அந்தப் பாட்டியோடு உட்கார்ந்து எழுதப் போகிறேன்.