கேன் வண்டிக்கு வேறு பின் ஆக்ஸில்

என் அண்ணன் வில்லிவாக்கத்தில் குடிநீர் கேன் ஏஜென்சி நடத்துகிறார். செங்குன்றம் பக்கம் உள்ள பிளான்ட்டில் கேன்களை ஏற்றிக்கொண்டு பாடி வழியாக வந்து தெருத்தெருவாக இறக்கும் பிக்கப் வண்டியின் பராமரிப்பு என் பொறுப்பு. சென்ற ஏப்ரலில் ஒரு நாள், எங்கள் தெருவுக்குள் திரும்பும்போது அந்த வண்டியின் இடது பின்சக்கரம் பிரேக் டிரம்மோடு சேர்ந்து வெளியே வந்துவிட்டது. வண்டி நடைவேகத்தில் வந்ததாலும், மத்தியான வெயிலில் தெருவில் ஆள் நடமாட்டம் இல்லாததாலும் யாருக்கும் அடிபடவில்லை. பத்து நிமிடத்துக்கு முன்னால் அதே வண்டி பாடி மேம்பாலத்தில் இறங்கிக்கொண்டிருந்தது என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு கலங்குகிறது.

எங்கள் வண்டியை வெகுநாளாகப் பார்த்துவரும் மெக்கானிக் பாய், முறிந்த ஆக்ஸில் ஷாஃப்ட்டை, அதாவது சக்கரத்தைச் சுழற்றும் இரும்புக் கம்பியை, மண்ணெண்ணெயில் கழுவி என் கையில் கொடுத்தார். முறிந்த முகத்தில் முக்கால் பங்கு வழவழப்பாக, கடற்கரை மணலில் அலை விட்டுப்போகும் கோடுகளைப் போல வளைவு வளைவாக இருந்தது. ஓரத்தில் லேசான துருவும் தெரிந்தது. மிச்சக் கால் பங்கு மட்டும் சர்க்கரைக் கட்டியை உடைத்தாற்போல் சொரசொரப்பாக, புதுப் பளபளப்போடு இருந்தது. “தம்பி, இது இன்னிக்கு உடைஞ்சது இல்ல, மாசக்கணக்கா உடைஞ்சுக்கிட்டே இருந்திருக்கு” என்றார். பேரிங் உட்காரும் இடத்தை ஒட்டி வெளிப்பக்கத்தில் தொடங்கிய ஒரு மயிரிழை விரிசல், சக்கரம் சுற்றும் ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போயிருக்கிறது.

காரணம் எங்களிடமே இருந்தது. இருபது லிட்டர் தண்ணீரோடு கேனின் எடையையும் சேர்த்தால் ஒரு கேன் ஏறக்குறைய 20.75 கிலோ. பதிவுச் சான்றில் உள்ள மொத்த எடைக்குள் நிற்க வேண்டுமானால், ஓட்டுநரும் உதவியாளரும் ஏறிய பிறகு 60 கேன்தான் ஏற்றலாம். கோடையில் நாங்கள் 80 ஏற்றினோம். அதாவது ஒவ்வொரு நடைக்கும் 415 கிலோ கூடுதல்.

இவ்வகை இலகுரக வண்டிகள் பலவற்றில் உள்ளது செமி ஃப்ளோட்டிங் ஆக்ஸில். அதில் சக்கரம் நேராக ஷாஃப்ட்டின் நுனியில் மாட்டப்பட்டிருக்கும். ஷாஃப்ட், அதை மூடியிருக்கும் ஹவுசிங் குழாயின் முனையில் ஒரே ஒரு பேரிங்கில் தாங்கி நிற்கும். ஆகவே சக்கரத்தைச் சுற்றும் வேலையும், வண்டியின் எடையைச் சுமக்கும் வேலையும் அந்த ஒரே கம்பியின் தலையில் விழுகின்றன. எடை அதை வளைக்கிறது, சுழற்சி அந்த வளைவை ஒவ்வொரு அரைச் சுற்றிலும் எதிர்ப்பக்கம் திருப்புகிறது. இரும்பு களைத்துப்போவது இப்படித்தான். ஃபுல் ஃப்ளோட்டிங் ஆக்ஸிலிலோ, ஹவுசிங் குழாயின் முனையிலேயே இரண்டு டேப்பர் ரோலர் பேரிங்குகளின் மேல், சக்கரம் மாட்டும் ஹப் உட்கார்ந்துகொள்கிறது. எடை முழுவதும் ஹவுசிங்குக்குப் போய்விடுகிறது. ஷாஃப்ட்டுக்குச் சுற்றுவது மட்டுமே வேலை. ஹப்பின் நடுவில் உள்ள போல்ட்டுகளைக் கழற்றினால், சக்கரம் தரையில் நிற்கும்போதே ஷாஃப்ட்டை உறையிலிருந்து வாளை உருவுவதுபோல் உருவிவிடலாம். அது முறிந்தாலும் வண்டி நகராமல் நிற்குமே தவிர, சக்கரம் கழன்று ஓடாது. ஷாஃப்ட்டை மட்டும் புதிதாகப் போட்டிருந்தால் செலவு மிகக் குறைவாக முடிந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் எனக்குத் தடிமனான ஷாஃப்ட் வேண்டியிருக்கவில்லை. முறிந்தால்கூட சக்கரத்தைப் பிடித்துவைக்கும் ஆக்ஸில்தான் வேண்டியிருந்தது.

பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் மூன்று நாள் அலைந்தோம். அதே கம்பெனியின் கனரக மாடலிலிருந்து கழற்றிய ஆக்ஸில் ஒன்று முதல் நாளே கிடைத்தது, ஆனால் அதன் ரேஷியோ, அதாவது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற கியர்பாக்ஸிலிருந்து வரும் புரொப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்ற கணக்கு, ஒத்துவரவில்லை. ஆக்ஸிலைத் திறக்காமலே ரேஷியோ பார்க்கும் வழியை பாய் அங்கேதான் எனக்குக் காட்டினார். ஒரு பக்க ஹப்பை அசையாமல் பிடித்துக்கொண்டு, மறுபக்க ஹப்பைச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடம்தரும் டிஃபரன்ஷியலின் குணத்தால், கிரவுன் வீல் எனும் பெரிய பல்சக்கரம் அப்போது ஒரே ஒரு சுற்றுச் சுற்றும். அதற்குள், கிரவுனைச் சுழற்றும் சிறிய பல்சக்கரமான பினியனின் ஃபிளாஞ்சில் போட்ட சாக்பீஸ் கோடு எத்தனை முறை சுற்றுகிறதோ அதுதான் ரேஷியோ. எங்கள் பழைய ஆக்ஸில் 41க்கு 10 பல், அதாவது 4.1. அந்த ஆக்ஸிலில் கோடு நாலரைச் சுற்றுக்குச் சற்று மேலே போய் நின்றது. 41க்கு 9, அதாவது 4.56. அதை மாட்டினால் மேடு ஏறுவது எளிதாகும், ஆனால் அதே வேகத்துக்கு இன்ஜின் பதினொரு சதவீதம் கூடுதலாகச் சுற்ற வேண்டும். கியர்பாக்ஸிலிருந்து கணக்கெடுக்கும் எங்கள் ஸ்பீடோமீட்டரும் 60இல் போகும்போது ஏறக்குறைய 67 என்று காட்டும். மூன்றாம் நாள் 4.1 ரேஷியோவிலேயே ஒன்று கிடைத்தது.

கிடைத்த ஆக்ஸிலை அப்படியே மாட்டிவிட பாய் சம்மதிக்கவில்லை. கிரவுனையும் பினியனையும் தொழிற்சாலையில் ஒன்றோடொன்று உரசி இழைத்து ஜோடியாக்குகிறார்கள் என்பதால், இரண்டிலும் பொறித்திருக்கும் எண் ஒன்றாக இருக்கிறதா என்பதை முதலில் பார்த்தார். இருந்தது. பேரிங்குகளையும் ஆயில் சீல்களையும் புதிதாகப் போட்டபின், பற்களில் நீல மை தடவிச் சுற்றிப் பார்த்தோம். மை அழிந்த தடம் பல்லின் நுனிப்பக்கம் விழுந்தது. பினியன் கிரவுனை விட்டு விலகி நிற்கிறது என்று அதற்குப் பொருள். பினியன் தலைக்குப் பின்னால் உள்ள ஷிம் என்ற இடைத்தகட்டைத் தடிமனாக மாற்றி, மறுபடி மாட்டி, மறுபடி மை தடவி, நான்காவது முறையில்தான் தடம் பல்லின் நடுவுக்கு வந்தது. இரண்டின் பற்களுக்கும் நடுவே இருக்க வேண்டிய சிறு இடைவெளியான பேக்லாஷ், டயல் கேஜில் 0.18 மில்லிமீட்டர் காட்டியது. ஒரு பகல் முழுதும் இதற்கே போயிற்று. அந்த ஒரு பகலுக்காகவே அவருக்கு நான் என்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

அடுத்த சிக்கல், லீஃப் ஸ்பிரிங் உட்காரும் தட்டுகள். அவற்றின் இடைவெளி எங்கள் சேஸிஸைவிட அதிகமாக இருந்தது. அம்பத்தூரில் ஒரு பட்டறையில் அவற்றை வெட்டி நகர்த்தி வைத்தோம். முழுமையாக வெல்டிங் செய்யும் முன், ஒரு புள்ளி வைத்து நிறுத்தி, வண்டியைச் சக்கரத்தில் இறக்கிச் சுமை ஏற்றி, பினியனின் சாய்வை அளந்தோம். கியர்பாக்ஸின் வெளி ஷாஃப்ட்டும் பினியனும் இணையாக நிற்காவிட்டால் புரொப்பல்லர் ஷாஃப்ட் அதிரும். வண்டி இழுக்கும்போது பினியனின் மூக்கு மேலே எழும் என்பதால், அதை ஒரு டிகிரி கீழே சாய்த்து வைத்தோம். வெல்டிங்கின் சூட்டில் ஹவுசிங் வளைந்துவிடக் கூடாது என்று, பக்கம் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக ஓட்டி ஆறவிட்டார்கள். ஆக்ஸிலை ஸ்பிரிங்கோடு பிணைக்கும் யூ போல்ட்டுகள் புதியவை. முதல் வாரம் ஓடியபின் மறுபடி முறுக்கினோம்.

பிரேக்கை விட்டுவிடுகிறவர்கள்தான் பெரும் தவறு செய்கிறார்கள். டிரம் பெரிதானதோடு, பிரேக் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரும் பெரிதானது. பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டர் தள்ளும் எண்ணெய் அதற்குப் போதாவிட்டால் பெடல் ஆழமாக இறங்கும். நாங்கள் பழைய அளவு வீல் சிலிண்டரையே பொருத்தினோம். சுமைக்கேற்பப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வின் கம்பியையும் புதிய உயரத்துக்கேற்பச் சரிசெய்தோம். ஹேண்ட் பிரேக் கேபிள் மாற்ற வேண்டியிருந்தது. கிரவுன் ஆயில் 80-90 ஊற்றி வேலை முடிந்தது.

மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. அதனால் வேலை தொடங்கும் முன்பே வாகன ஆய்வாளரிடம் போய்க் கேட்டோம்; எஃப்.சி. எனும் தகுதிச் சான்று ஆய்வின்போது ஆக்ஸிலைக் காட்டினோம். சான்றில் உள்ள மொத்த எடை ஒரு கிலோகூட மாறவில்லை. அதற்கு மேல் ஏற்றினால் 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என்று 194ஆம் பிரிவு சொல்வதும் அப்படியே இருக்கிறது.

வேலை முடிந்த மறுநாள் காலி வண்டியை எடை மேடையில் ஏற்றிப் பார்த்தேன். புது ஆக்ஸிலால் வண்டியின் எடை 40 கிலோ கூடியிருந்தது. அன்றிலிருந்து நடைக்கு 58 கேன் ஏற்றுகிறோம்.