அரங்கேற்றத்துக்குப் பிறகு

கோலாலம்பூரில் பரதநாட்டியம் கற்ற பெண்களில் பலர் அரங்கேற்றம் முடிந்ததும் சலங்கையை எடுத்து வைத்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் நின்றிருப்பேன். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்.டி.பி.எம். தேர்வை முடித்த ஆண்டில், கலை நிகழ்ச்சிகளைத் திட்டமிட்டு நடத்தக் கற்றுத்தரும் கலை நிர்வாகம் என்ற படிப்பைப் பற்றி ஒரு கல்விக் கண்காட்சியில் தெரிந்துகொண்டேன். "ஆடவும் இல்லை, ஆசிரியராகவும் இல்லை என்றால் பிறகு என்ன வேலை?" என்று அம்மா கேட்டார். அப்போது என்னிடம் பதில் இல்லை; அந்தப் படிப்பில் சேர்ந்த முதல் பருவத்திலேயே கிடைத்தது.

ஒரு நடன மாலைக்கு வரவு செலவுத் திட்டம் தயாரிக்க வேண்டும் என்பது பயிற்சி. அப்பா பத்திரப்படுத்தி வைத்திருந்த என் அரங்கேற்ற ரசீதுகளையே எடுத்துக்கொண்டேன். மண்டப வாடகை, நட்டுவாங்கம், பாட்டு, மிருதங்கம், வயலின், ஆடை, ஒப்பனை, அழைப்பிதழ், விருந்து என்று செலவுப் பக்கம் நீண்டுகொண்டே போனது. வரவுப் பக்கத்தில் இருந்தது ஒரே வரி: அப்பாவின் சேமிப்பு. டிக்கெட் இல்லை, ஆதரவாளர் இல்லை. இப்படி ஒரு குடும்பம் ஒரு முறைதான் செலவழிக்க முடியும். இரண்டாவது மேடை ஏன் அமைவதில்லை என்பதற்கான விடையை அந்தத் தாளில்தான் கண்டேன்.

அதன் பிறகு இந்த நகரத்தின் கலை அமைப்புகளை வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன். டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் 1981இல் தொடங்கியது. நடனக் கலைஞர் ரம்லி இப்ராஹிமின் சூத்ரா நடனக் குழு 1983இல். இத்தனை ஆண்டுகள் நின்றிருப்பதற்குக் கலைஞர்களின் திறமை மட்டும் போதாது. மேடைக்குப் பின்னால் கணக்கும் கடிதமும் எழுதியவர்களின் உழைப்பும் அதில் இருக்கிறது. வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின் கீழ் அங்கீகாரம் பெற்ற அமைப்புக்கு நன்கொடை கொடுப்பவர் வரிக்கழிவு பெறலாம் என்பதும் வகுப்பில்தான் தெரிந்தது. எங்கள் சமூகத்தில் கோயிலுக்கு மனமுவந்து கொடுப்பவர்கள் நிறைய. கலைக்கும் கேட்கலாம், முறையாகக் கேட்டால் கொடுப்பார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அனுமதிகள் பொறுமையைக் கேட்கும், அவ்வளவுதான். மாநகர் மன்றத்தின் பொழுதுபோக்கு உரிமம், தமிழ்நாட்டிலிருந்து கலைஞர் வருவதாக இருந்தால் வெளிநாட்டுக் கலைஞர்களுக்கு அனுமதி தரும் அரசுக் குழுவான புஸ்பாலின் ஒப்புதல். தேதி முடிவானவுடனே விண்ணப்ப வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.

மானிய விண்ணப்பம்தான் கடினம். 2017இல் உருவான, கலைகளுக்கு மானியம் தரும் சென்டானா போன்ற அமைப்புக்கு எழுதும்போது 'நம் கலையை வளர்க்க' என்றால் போதாது. யார் பார்க்க வருவார்கள், கலைஞருக்கு எவ்வளவு ஊதியம், நிகழ்ச்சி முடிந்த பிறகு என்ன மிஞ்சும் என்று எழுத வேண்டும். கலைஞர் ஊதியத்தைக் குறைத்துக் காட்டும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதை நான் ஏற்கவே மாட்டேன்.

தொழிற்பயிற்சி ஓர் அரங்கில் அமைந்தது. தாமதமாக வருபவர்களை இடைவேளை வரை உள்ளே விடக்கூடாது என்பது அங்கே விதி. பரத நிகழ்ச்சி ஒன்றின்போது பாட்டிகளும் குழந்தைகளும் வாசலில் காத்து நின்றார்கள். அலாரிப்பு முடிந்து கைதட்டும் நேரத்தில் விடலாம், ஜதிஸ்வரம் முடிந்ததும் விடலாம், நீண்ட உருப்படியான வர்ணம் தொடங்கிவிட்டால் மட்டும் கட்டாயம் நிறுத்துவோம் என்று மேலாளரிடம் சொன்னேன். உருப்படிகளின் வரிசையையும் உத்தேச நேரத்தையும் எழுதிக் கொடுத்ததும் ஒப்புக்கொண்டார். எட்டு வயதில் கற்ற மார்க்கம், அதாவது அந்த உருப்படி வரிசை, ஓர் அரங்கின் கதவு வேலைக்குப் பயன்பட்ட அந்த மாலையில், இதுதான் என் தொழில் என்று முடிவு செய்தேன்.

வேலை நேர்காணலில் சான்றிதழ்களை அதிகம் பார்க்கவில்லை. நான் நடத்திய ஒரு சிறு நிகழ்ச்சியின் உத்தேசச் செலவையும் உண்மைச் செலவையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்த தாளைப் பற்றித்தான் நெடுநேரம் கேள்வி கேட்டார்கள். ஒலியமைப்புக்கு ஏன் கூடியது, அதை எங்கே ஈடுகட்டினேன் என்று விளக்கினேன். வேலை கிடைத்தது.

இந்தப் படிப்பில் சேர நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு: தொழிற்பயிற்சி இடத்தில் உங்களை விளம்பரப் பிரிவில்தான் முதலில் உட்கார வைப்பார்கள். சில வாரங்களாவது கணக்குப் பிரிவில் இருக்க அனுமதி கேட்டு வாங்குங்கள்.