மட்டியைக் கொத்தும் வரை

2025 ஏப்ரல் 6
வாடைக்காற்று ஓய்ந்து கடல் தெளிந்துவிட்டது. வண்ணத்துப்பூச்சி மீன்கள் விற்பனைக்கு வரத் தொடங்கியிருக்கின்றன. இன்று பார்த்தவற்றில் டிரைஃபேசியாட்டஸ், டிரைஃபேசியாலிஸ் இரண்டும் பவளப் பொலிப்பை, அதாவது பவளத்தின் உயிருள்ள சதைப்பகுதியை, நம்பி வாழ்பவை. அழகுக்காக வாங்கினால் தொட்டியில் பட்டினிதான். எடுத்தது பவளத்தை மட்டும் நம்பாத ஓரிகா, முதுகுத் துடுப்பில் நூல் தொங்குமே, அது. 10 சென்ரிமீற்றர். கண்ணுக்கு மேலே நெற்றித் தசை குழி விழாமல் இருந்தது. வாயில் வலைக்காயம் இல்லை. திருகோணமலையின் புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. அங்கே பிடித்த மீன் என்றால் வாங்கவே கூடாது.

ஏப்ரல் 7
புது மீனை நோய் இருக்கிறதா என்று பார்க்க வைக்கும் தனித்தொட்டி 100 லீற்றர். ஸ்பொஞ் ஃபில்டர் நாலு கிழமையாகப் பெரிய தொட்டியின் சம்பில் (கீழே உள்ள வடிகட்டும் தொட்டியில்) ஊறியது, அதனால் கழிவின் அமோனியாவை மாற்றும் பற்றீரியா ஏற்கெனவே குடியிருக்கிறது. மீன் ஒளிய இரண்டு 3 அங்குல எஸ்லோன் எல்போ (வளைந்த பிவிசி குழாய்த்துண்டு). மண் இல்லை. மீன் வந்த பையின் தண்ணீர் உப்பளவு (ஒப்படர்த்தி) 1.021 காட்டியது, தொட்டியையும் 1.021இல் வைத்துத்தான் மீனை விட்டோம். நாளுக்கு 0.001 வீதம் 1.025க்கு ஏற்றுவது.

ஏப்ரல் 9
உலர்ந்த உருண்டைத் தீனியான பெலற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை. உறைந்த மைசிஸ் (இறால் போன்ற சிற்றுயிர்) முகத்துக்கு நேரே விழுந்தும் பயனில்லை. சந்தையில் வாங்கி இரண்டு நாள் ஃபிரீசரில் வைத்த மட்டி ஒன்றைத் திறந்து கல்லோடு ரப்பர் பாண்டால் கட்டி இறக்கினோம். இரண்டு மணித்தியாலத்தில் வெளியே எடுத்தாக வேண்டும், விட்டால் அமோனியா ஏறும்.

ஏப்ரல் 11
மூன்றாவது மட்டி. உடலைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் ஓட்டுக்குள் பார்த்து, சதையின் ஓரத்தில் ஒரு கொத்து. பின்வாங்கியது. அரை நிமிடத்தில் திரும்பி வந்து வரிசையாக ஏழெட்டு. இனிக் காலியான ஓட்டில் அரைத்த இறாலும் ஊறிய பெலற்றும் பிசைந்து அப்பி, மட்டியை மெல்ல மெல்லக் குறைக்கலாம். மட்டி ஒன்றையே போட்டுக்கொண்டிருந்தால் விற்றமின் பி1 குறையும்.

ஏப்ரல் 14
வருசப்பிறப்பும் அதுவுமாக மீன் எல்போவில் உடம்பை உரசுகிறது, ஒரு கண் மங்கல். நன்னீரில் 5 நிமிடம் முக்கினோம். தொட்டியின் அதே சூடு, அப்பச்சோடாவால் பிஎச் 8.2, காற்றுக்கல் ஓடியபடி. எள்ளுப் போல வெள்ளைத் தட்டுகள் அடியில் விழுந்தன: தட்டைப்புழு. தொட்டிக்குப் புழு மருந்தான பிராசிகுவாண்டல், லீற்றருக்கு 2.5 மில்லிகிராம், ஆகமொத்தம் 250. தண்ணீரில் இலேசில் கரையாது, கொஞ்சம் வொட்காவில் கரைத்து ஊற்ற வேண்டும். நாய்க்குக் கொடுக்கும் கூட்டுக் குளிசையில் வேறு மருந்தும் இருக்கும், அது ஆகாது. ஃபில்டரில் கரி இருந்தால் எடுத்துவிட வேண்டும், அது மருந்தை உறிஞ்சிவிடும். காற்று இரண்டு மடங்கு, ஏனென்றால் இந்த மருந்தில் ஒட்சிசன் சட்டென்று விழும்.

ஏப்ரல் 21
இரண்டாம் தடவை மருந்து. புழுவின் முட்டையை இது கொல்லாது, பொரித்து வருவதைப் பிடிக்கத்தான் இந்த ஏழு நாள். துடுப்போரத்தில் பூக்கோவா போல ஒரு வெள்ளை முடிச்சு. வெள்ளைப்புள்ளி நோயென்றால் சீனி தூவினாற்போல் இருக்கும், நாளுக்கு நாள் இடம் மாறும். இது லிம்ஃபோசிஸ்டிஸ், வைரஸ். பதறிச் செம்பு மருந்து ஊற்றத் தேவையில்லை. நன்றாகச் சாப்பிட்டால் தானாக உதிரும்.

மே 5
கச்சான் காற்று தொடங்கிவிட்டது. பிற்பகல் மூன்று மணிக்குத் தொட்டி 31.2 பாகை. மூடியை எடுத்து, வலை போட்டு, மேசைவிசிறியைத் தண்ணீர் மேல் திருப்பியதும் இரவுக்குள் 28.5. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும், உப்பு அப்படியே நிற்கும். எனவே குறையைச் சுத்திகரித்த நன்னீரால்தான் நிரப்ப வேண்டும். கரண்ட் போனால் பற்றரிக் காற்றுப்பம்ப்.

மே 18
ஆறு கிழமை. லைற்றை அணைத்தபின் பெரிய தொட்டிக்கு மாற்றினோம்: 5 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம், 560 லீற்றரளவு. பழைய மீன்களின் எல்லை குழம்பட்டுமென்று கற்களை முன்கூட்டியே இடம் மாற்றியாயிற்று. பவளம் இந்தத் தொட்டியில் கிடையாது. காலையில் முதல் வேலையாகக் கல்லிலிருந்த குழாய்ப்புழுவின் விசிறியைப் பிடுங்கித் தின்றது. தொல்லை தரும் ஐப்டேசியாவை (தொட்டியில் பெருகும் சின்னக் கடற்சாமந்தி) இன்னும் தொடவில்லை.