ஐயாவின் கறுப்புப் பேனா

தமிழ் ஐயா போய்விட்டார் என்று நம் குழுவில் செய்தி வந்த இரவு, என் மேசையில் யாருடையதோ ஒரு பழைய பேனா பிரித்துக் கிடந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு வெகுநேரம் ஜன்னலோரம் நின்றேன். நம் பழைய மாணவர் மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று செயலாளர் மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். எதை எழுதுவது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்தக் கறுப்புப் பேனாவை நம் வகுப்பில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. நம்மிடம் இருந்ததெல்லாம் ஹீரோ பேனாக்களும் பேரில்லாத பேனாக்களும்தான். ரெண்டு சொட்டு மையைக் கடன் வாங்குவோம், நிப்பைத் தலைமுடியில் துடைப்போம், பிளேடு முனையால் கீறி ஓடவைப்போம். ஐயாவின் பேனாவில் மட்டும் பக்கவாட்டில் ஒரு சின்ன லீவர் இருக்கும். அதைத் தூக்கிவிட்டால் பேனா தானே மையை உறிஞ்சும். அது அவருடைய ஆசிரியர் அவருக்குக் கொடுத்தது. அதில் அவர் எழுதினால் ழகரத்தின் சுழி தடித்து, பிறகு மெல்ல இளைத்து முடியும்.

எட்டாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு முடிந்திருந்த நேரம். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் மை நிரப்பும் வேலையை ஐயா எனக்குக் கொடுத்தார். அந்தப் பெருமையில் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. புட்டிக்குள் நிப்பை முக்கி லீவரைத் தூக்கினேன். அசையவில்லை. நகத்தைக் கொடுத்து இன்னும் பலமாகத் தூக்கினேன். உள்ளே ‘மடக்’ என்று ஒரு சத்தம். கை வழுக்கி, மைப்புட்டி மொத்தமும் விடைத்தாள் கட்டின் மேல் கவிழ்ந்தது.

ஐயா பேனாவைப் பார்க்கவே இல்லை. சாக்பீஸ்களை நொறுக்கித் தாள்களின் மேல் தூவினார், ஆளுக்கொரு துண்டோடு நீங்களும் ஓடிவந்தீர்கள். எல்லாம் ஓய்ந்த பிறகு கரும்பலகையில் ‘பதறாத காரியம் சிதறாது’ என்று எழுதி, என்னை 100 தடவை எழுதிவரச் சொன்னார். அதற்குப் பிறகு பள்ளி முடியும்வரை எனக்கு ‘அவசரக்கை’ என்றுதான் பெயர். நீங்கள் விளையாட்டாகத்தான் கூப்பிட்டீர்கள், ஆனால் அது வலித்தது. நீலம் மூடிய வரிகளுக்கெல்லாம் ஐயா முழு மதிப்பெண் போட்டதை நம்மில் பலர் மறந்திருப்பீர்கள். நான் மறக்கவில்லை.

அன்றிலிருந்து ஐயாவின் சட்டைப்பையில் பால் பாயிண்ட் பேனாதான். எழுத்தெல்லாம் ஒரே தடிமனாகிவிட்டது. ஒரு மாதம் போயிருக்கும். ஒருநாள் ஒன்றுமே நடக்காததுபோல் என்னைக் கூப்பிட்டு, வருகைப் பதிவேட்டில் புது மாதத்துக்குப் பெயர்களை எழுதச் சொன்னார். மன்னித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

நாடு விட்டு வந்து, வேலை, வீடு என்று வருஷங்கள் ஓடி, கையால் எழுதுவதே நின்றுபோன காலத்தில், ஒரு பழைய பொருள் சந்தையில் அதே மாதிரி லீவர் வைத்த பேனா ஒன்று கண்ணில் பட்டது. வீட்டுக்குக் கொண்டுவந்து லீவரைத் தூக்கினேன். அதே ‘மடக்’. உள்ளங்கை வேர்த்துவிட்டது. அதைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது.

லீவருக்கு அடியில் ஒரு உலோகப் பட்டை, அதற்கு அடியில் ஒரு ரப்பர் பை. லீவரைத் தூக்கினால் பட்டை பையை நசுக்கும், விட்டால் பை விரிந்து மையை இழுக்கும். அவ்வளவுதான் அதன் சூட்சுமம். அந்த ரப்பர் காலப்போக்கில் இறுகிக் கல்லாகிவிடும். அப்புறம் யார் தூக்கினாலும் லீவர் அசையாது, பலவந்தம் செய்தால் பை உடையும். இளகிய ரப்பராக இருந்தால் அந்தச் சத்தமே வராது.

அன்று பிடித்த பைத்தியம் இன்றுவரை விடவில்லை. இந்த வேலையில் நிதானம்தான் பாதிக் கருவி. செல்லுலாய்ட் பேனா என்றால் நெருப்பருகே கொண்டுபோகக் கூடாது, குபீரென்று பற்றிக்கொள்ளும். கறுப்பு எபோனைட் என்றால் தண்ணீரில் ஊறவைக்கக் கூடாது. அது கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர். வெளிச்சம் பட்டுப் பட்டு நைந்த மேற்பரப்பில் ஈரம் ஏறினால் கறுப்பு பழுப்பாகிவிடும். இதைத் தெரிந்துகொள்ள நான் ஒரு நல்ல பேனாவைப் பலி கொடுத்தேன். நிப்பைத் தாங்கும் கழுத்தைக் கழற்றுவதற்கு ஹேர் டிரையர் சூடு காட்டி, திருப்பிப் பார்த்து, வராவிட்டால் விட்டுவிட்டு மறுபடி சூடு காட்ட வேண்டும். ஒரு கழுத்துக்கு மூன்று நாள்கூட ஆகும். புதுப் பையை ஒட்டுவதற்கு ஸ்பிரிட்டில் கரைத்த அரக்குதான் சரி. கண்டதையும் ஒட்டும் பசையைப் போடுகிறவர்களை என்னால் ஏற்கவே முடியாது. அரக்கு சூட்டுக்கு இளகும், நமக்குப் பிறகு வருகிறவர் பேனாவை உடைக்காமல் திறக்கலாம்.

சில வருஷங்களுக்கு முன் ஊருக்குப் போனபோது ஐயாவைப் பார்த்தேன். சட்டைப்பையில் அதே பால் பாயிண்ட். “ஐயா, அன்றைக்கு அந்த ரப்பர் ஏற்கெனவே கல்லாகியிருந்தது. பேனாவைக் கொடுங்கள், சரிசெய்து தருகிறேன்” என்று சொல்லத்தான் போயிருந்தேன். அவர் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார், இந்தக் குளிர் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று கேட்டார். சொல்வது ஏதோ கணக்கு கேட்பதுபோல் ஆகிவிடுமோ என்று தயங்கினேன். அடுத்த தடவை சொல்லிக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டேன். தூரத்தில் இருக்கிறவர்களுக்கு இந்த ‘அடுத்த தடவை’ தருகிற தைரியம் பொல்லாதது.

ஐயாவின் மகள் தகரப் பெட்டி ஒன்றில் அந்தப் பேனாவைக் கண்டெடுத்திருக்கிறார். என் பொழுதுபோக்கை அறிந்த நம் வகுப்புத் தோழர் ஒருவர் கையோடு கொண்டுவந்து கொடுத்தார். அடிப்பக்கத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் ‘52’ என்று பொறித்திருந்தது. வாட்டர்மேன் பேனா. அவர்கள் கணக்கில் 5 என்றால் லீவர் வைத்தது, 2 என்பது நிப்பின் அளவு. 1884இல் மை சீராக இறங்கும் பேனாவுக்குக் காப்புரிமை வாங்கிய அதே வாட்டர்மேனின் நிறுவனம் செய்தது. தங்க நிப்பை நகத்தில் வைத்து லேசாக அழுத்தினேன், இரண்டு முனைகளும் விரிந்து மறுபடி கூடின. ழகரச் சுழி வந்தது இங்கிருந்துதான்.

கழுத்தைத் திருகினேன். மூன்று நாள் வேலைக்குத் தயாராக உட்கார்ந்தவனுக்கு அது சூடே இல்லாமல் கையோடு வந்துவிட்டது. யாரோ முன்பே திறந்திருக்கிறார்கள். உள்ளே காய்ந்த மரப்பட்டைபோல் பழைய பையின் சில்லுகள் ஒட்டிக் கிடந்தன, கண்ணாடி உடைந்ததுபோல் விளிம்புகளோடு. ஆனால் கழுத்தின் முனையில் வேறு ஒன்று மாட்டியிருந்தது: சைக்கிள் வால்வுக்குப் போடும் சின்ன ரப்பர் குழாயான வால்டியூப், ஒரு முனையை மடித்து வெள்ளை நூலால் ஏழு சுற்றுச் சுற்றி இறுக முடிந்தது. நூல் முழுக்க நீலம் ஏறியிருந்தது. மை நிரப்பிப் பார்த்திருக்கிறார், ஒழுகியிருக்கிறது, பெட்டியில் வைத்துவிட்டார்.

புதுப் பை போட்டுப் பேனா இப்போது நன்றாக எழுதுகிறது. அதை அவர் மகளுக்கு அனுப்புகிறேன். வால்டியூபை மட்டும் நான் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன், சரி என்றார். அது இப்போது என் மேசை விளக்கின் அடியில் இருக்கிறது. அந்தச் சில்லுகளை ஐயா பார்த்திருக்கிறார். நான் சொல்லப் போய்ச் சொல்லாமல் திரும்பிய விஷயம் அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அந்த ஒரு மாதத்தில் எந்த நாளில் பேனாவைத் திறந்தாரோ, பதிவேட்டை நீட்டி “நீயே எழுதுப்பா” என்று என்னைக் கூப்பிட்டதற்கு எத்தனை நாள் முன்போ.