ஹெர்ஷல் படத்தில் நிழலைப் பாருங்கள்

ஜூலியா மார்கரெட் கேமரன் 1867 ஏப்ரலில் எடுத்த விஞ்ஞானி ஜான் ஹெர்ஷலின் படத்தைப் பார்த்ததும் பலரும் சொல்வது, "ஃபோகஸ் சரியில்லையே" என்பதுதான். அதைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு நிழலைப் பாருங்கள்.

தோளைக் கறுப்புத் துணி மூடியிருக்கிறது, பின்னணியும் கறுப்பு. அன்றைய ஸ்டுடியோ கார்டு படங்களில் தூண், திரைச்சீலை, மேஜை எல்லாம் இருக்கும். முகம் மட்டும் நகத்தளவுக்குச் சுருங்கிக் கிடக்கும். கேமரன் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார். ஒரு முகமும் கலைந்த வெள்ளை முடியும்தான் மிச்சம். கழுத்துப்பட்டை வெள்ளையாக எட்டிப் பார்த்திருந்தால்கூடக் கண் அங்கேதான் போயிருக்கும்.

சுருக்கங்கள் இவ்வளவு ஆழமாகத் தெரியக் காரணம் ஈரக் கொலோடியன் தகடு. கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவத்தை ஊற்றிய கண்ணாடியை சில்வர் நைட்ரேட்டில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து டெவலப் செய்துவிட வேண்டும். நீலமும் புற ஊதாவும்தான் அதில் பதியும். சிவப்பு அநேகமாகப் பதியாது. அதனால் சிவந்த தோலும் புள்ளிகளும் நிஜத்தைவிடக் கறுத்துவிடுகின்றன, நரைமுடி பளிச்சென்று எழுகிறது. இன்றைய டிஜிட்டல் படத்தை வெறுமனே கறுப்பு வெள்ளையாக்கினால் இந்த டோன் வராது. நீலச் சானலை மட்டும் எடுத்துப் பாருங்கள், ஓரளவு நெருங்கும்.

மங்கலுக்கும் காரணம் உண்டு. தகடு 15க்கு 12 அங்குலம். அவ்வளவு பெரிய தகட்டில் தலையை நெருங்கி எடுத்தால் கூர்மை மெல்லிய ஓர் அடுக்கில்தான் நிற்கும்: கண் பிடிபட்டால் காது நழுவும். எக்ஸ்போஷர் நிமிடக்கணக்கில் நீள்வதால் உட்கார்ந்திருப்பவரின் மூச்சும் சேர்ந்து பதிகிறது. இன்னும் கூர்மையாக்க வழியிருந்தும் கேமரன் இந்த மென்மையிலேயே நின்றார். அவர் செய்தது சரி என்பதே என் தீர்ப்பு.

பிரிண்ட் ஆல்புமின் தாளில். முட்டை வெள்ளைக்கருவும் உப்பும் பூசிய மெல்லிய தாளை சில்வர் நைட்ரேட்டின் மேல் மிதக்கவிட்டு, காயவைத்து, நெகட்டிவோடு சேர்த்து அழுத்திவைத்து வெயிலில் காட்டுவார்கள். கறுக்கத் தொடங்கிய இடம் தானே திரையாகி அடியில் ஒளி இறங்காமல் தடுக்கும். அதற்குள் வெளிச்சப் பகுதிகளில் விவரம் ஏறிவிடும், நிழலும் அடைத்துப்போகாது. கான்ட்ராஸ்ட் குறைந்த நெகட்டிவை இதில் அச்சிட்டால் படம் சப்பென்று போய்விடும். படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ கரைசலில் போட்டதும் டோன் வெளுக்கும் என்பதால், வேண்டியதைவிடக் கொஞ்சம் கறுப்பாகவே அச்சிட வேண்டும். கழுவுவது போதாவிட்டால் மிஞ்சிய கந்தகச் சேர்மங்கள் வெள்ளியைத் தின்னும். முதலில் போவது நெற்றி, கன்ன மேடு போன்ற வெளிர் பகுதிகளின் விவரம்.

பழைய பிரிண்ட் கையில் கிடைத்தால் 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப்பில் (உருப்பெருக்கிக் கண்ணாடி) பாருங்கள். மெல்லிய பளபளப்பும், அதில் நுண் விரிசலும், அதற்கடியில் தாளின் இழையும் தெரிந்தால் அநேகமாக ஆல்புமின். பளபளப்பே இல்லாமல், படம் இழைக்குள்ளேயே ஊறியிருந்தால் வெள்ளைக்கரு பூசாத உப்புத்தாள். இழையே தெரியவில்லையென்றால் பேரைட்டா என்ற வெள்ளைப் பூச்சு பூசிய பிற்காலத் தாளாக இருக்கலாம்.

கேமரன் 1875இல் இலங்கைக்குப் போய் அங்கேயே 1879இல் இறந்தார். அவருடைய படங்கள் சிலவற்றை ஆட்டோடைப் கம்பெனி கார்பன் முறையிலும் அச்சிட்டது. அதில் இருப்பது நிறமி, வெள்ளி அல்ல, ஆகவே வெளுப்பதில்லை. ஒரே படத்தின் ஆல்புமின், கார்பன் இரண்டும் அருங்காட்சியகத்தில் அருகருகே கிடைத்தால் முதலில் நெற்றியை ஒப்பிடுங்கள், பிறகு துணியின் மடிப்பை.